மைக்ரோ அண்ணனின் ஐஸ் பெட்டி

புலிக்குப் பயந்தவர்கள் உண்டு, போலீசுக்குப் பயந்தவர்கள் உண்டு, பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் மதுரையில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குப் பயந்து, அந்தப் பயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பங்கு வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மைக்ரோ அண்ணன். அவரோடு நான்கு வருஷம் வேலை பார்த்தேன். சேரும்போது எனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. வெளியே வரும்போது, மாடிப்படி ஏறினால் நாடி பிடித்துப் பார்க்கிற ஆளாக வந்தேன்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம் அது. சில குடும்பங்களில், ஒல்லியாக, ஓடியாடி உழைக்கிறவர்களுக்குக்கூடச் சின்ன வயதிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறி மாரடைப்பு வந்துவிடுகிறது. அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வருகிறது. அது ஏன் என்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஒரு டாக்டரம்மா. கிராமங்களுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அண்ணன். கூடவே போய், வீட்டில் யார் யாருக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வந்தது என்று படிவம் எழுதி வருவது நான். பத்திரிகையில் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் எனக்கு வாய்த்த ஒரே எழுத்து வேலை அதுதான்.

தேடியது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடிச் சங்கதியை. டாக்டரம்மா அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால், அண்ணன் அதையே டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுவார். பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்று உண்டு. "குழாயில நம்பர் மட்டுந்தான் இருக்கணும் மாப்ள. பேரு ஒன் படிவத்தோட சரி. ரத்தம் குடுத்தவுக பேர வெளிய யாருட்டயும் மூச்சு விடக்கூடாது." அவர் பெயரையே நான் கேட்டதில்லை. மைக்ரோ அண்ணே என்று கூப்பிட்டால் திரும்பினார். அது போதுமாக இருந்தது.

கோச்சடையில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தெருமுனையில் ஒரு பரோட்டாக் கடை. ஒரு சாயங்காலம் அண்ணனை அங்கே கூட்டிப்போனது என் தப்பு. சுற்றிலும் சால்னா மணக்க, அவர் இரண்டு இட்லி சொன்னார். தேங்காய்ச் சட்னி வேண்டாம் என்றார். சப்ளையர் அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"அந்த மைக்ரோன்டா என்னதாண்ணே? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்று வாயைக் கொடுத்தேன்.

"இந்தக் கடையவே வச்சுக்க மாப்ள. கல்லாவுல மொதலாளி உக்காந்திருக்காரா? அவருதான் ஜீன். அவரு எந்திரிச்சு அடுப்புப் பக்கம் போக மாட்டாரு. என்ன வேணுமோ சீட்டுல எழுதி உள்ள அனுப்புவாரு. சீட்டப் பாத்து மாஸ்டர் போடுவாரு. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் இப்பிடி ஒரு கடை."

"சரிண்ணே."

"கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவுல ஒருத்தன் நிக்கிறான். இத்துனூண்டு ஆளு. போற சீட்டப் புடிச்சுக் கிழிச்சுப் போட்டுர்றான். மொதலாளி அனுப்பிட்டேங்கிறாரு, மாஸ்டர் வரலைங்கிறாரு. சாப்புட வந்தவன் எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நடுவுல நின்டு சீட்டக் கிழிச்சாம் பாரு, அவந்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ."

"அயோக்கியனா இருக்கானேண்ணே."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. எம்புட்டுப் போடணும், எப்ப நிறுத்தணும்டு அளவு பாக்குறவனே அவந்தான். அவன் இல்லைன்டா மாஸ்டர் பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருப்பாரு. ஆனா சில பேரு ஒடம்புல கிழிக்கக்கூடாத சீட்டக் கிழிச்சுருவான். செல்லுக்குள்ள சேர்ற கொழுப்ப வெளிய தள்ளுறதுக்கு ஒரு பம்பு இருக்கு. அந்தப் பம்பச் செய்யச் சொல்லி ஒரு சீட்டு போகும். முப்பத்திமூணாம் நம்பர்டு ஒருத்தன் இருக்கான், அவன் கண்ணு அந்தச் சீட்டு மேலதான். கிழிச்சாம்டா கொழுப்பு உள்ளயே தங்கிரும்."

சாம்பார் வாளியோடு பின்னால் நின்ற சப்ளையரின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, பத்து வருசமா இந்தக் கடையில நிக்கிறேன். ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டக் கிழிச்சிருப்பேனா? மொதலாளி காதுல விழுந்தா என் பொழப்பு என்னாகுறது?" என்றார். மொதலாளி காதில் விழுந்தும்விட்டது. அவர் எழுந்து வர, அண்ணன் அவருக்காகக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியிலேயே முதலாளியின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு அவர் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அந்தக் கடையில் அதற்குப் பிறகு எனக்கு மரியாதை குறைந்துபோனது.

முப்பத்திமூன்று என்ற எண்ணோடு அண்ணனுக்கு ஜென்மப் பகை. நம்பர் பிளேட்டில் 33 இருந்தால் அந்த பஸ்ஸில் ஏற மாட்டார். ஆய்வு முழுக்கக் குழாய்களுக்கு ஒரே வரிசை எண். ஆரம்பத்திலேயே 32க்கு அடுத்து 34 என்று ஒட்டிவிட்டு, 33ஆம் ஸ்டிக்கரை என் படிவக் கோப்புக்குள் போட்டு மூடினார். "முப்பத்தி மூணு எங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "அவுக அன்னைக்கு வரலைங்க மேடம்" என்றார். யார் வரவில்லை என்று டாக்டரம்மாவும் கேட்கவில்லை. அந்த ஸ்டிக்கர் மஞ்சளேறிப்போய் என் கோப்பிலேயே கிடந்தது.

எடுத்த ரத்தத்தைக் கொண்டு வருவது இன்னொரு கூத்து. ரத்தம் குலுங்கினால் அதிலுள்ள சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உடைந்தால் அவற்றுக்குள் இருக்கிற மைக்ரோக்கள் எல்லாம் வெளியே கொட்டி, நாம் தேடுகிற ஆளோடு கலந்துவிடும். பிறகு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தேடுகிற கதைதான். கூடத்தில் குழாயைச் சுழற்றிப் பிரித்தால் மேலே நீர் தெளியும். அது மஞ்சளாக இருந்தால் தப்பித்தோம். ரோஸ் நிறம் வந்துவிட்டால் அன்றைய பாடு வீண்.

எங்களுக்கு ஜீப் இருந்தது. அண்ணன் அதில் பெட்டியை ஏற்ற மாட்டார். "அது ஜீப் இல்ல மாப்ள, மோர் கடையிற மத்து" என்பார். தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில்தான் வருவார். அதிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சரியாக நடுவில் இருக்கிற சீட்டு. யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால், "ஏம்ப்பா, நீ அங்கிட்டு உக்காரு. ஒன் ரத்தம் குலுங்குனா ஒண்ணும் ஆகாது" என்று எழுப்புவார். வேகத்தடை ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். அது வருவதற்கு முன்னாலேயே கழுத்தை நீட்டிக் குரல் கொடுப்பார்.

"டிரைவரண்ணே, பைய. பைய போங்கண்ணே. பையச் சென்றால் வையம் தாங்கும்."

"அப்பிடி என்னதான்யா இருக்கு பெட்டிக்குள்ள?" என்று கண்டக்டர் கேட்பார்.

"பன்னெண்டு பேரு உசுரு இருக்கு."

பஸ்ஸில் பாதிப் பேர் பெட்டியிலிருந்து தள்ளி உட்காருவார்கள். ஓர் அம்மா ஒரு தடவை பெட்டிக்குத் திருநீறு பூசிவிட்டார். நான் மூன்று சீட் பின்னால் உட்கார்ந்து, இந்த மனிதரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பேன்.

ஒரு நாள் பக்கத்து சீட்டில் ஒரு பூக்காரம்மா, அதே மாதிரி வெள்ளைப் பெட்டியில் ஐஸ் போட்டு மல்லிகை மொட்டு கொண்டு வந்தார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு. இறங்குகிற அவசரத்தில் பெட்டி மாறிவிட்டது. கூடத்தில் மூடியைத் திறந்தால், பதினோரு பேர் ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் மல்லிகை மணக்கிறது. அண்ணன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. நான் பின்னால், அவரிடமிருந்தே தொற்றிய நெஞ்சுப் பயத்தோடு ஓடினேன். இந்த ஓட்டத்தில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பூ மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் அந்தம்மா எங்கள் பெட்டியை மடியில் வைத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா தம்பி. தொறந்தேன், பாத்தேன், பொத்துன்டு மூடிட்டேன். நீதான் பஸ்ஸுல அம்புட்டுச் சொன்னியே, குலுக்கக்கூடாதுன்டு. அதான் எந்திரிக்கவே இல்ல. ஏவாரமெல்லாம் போச்சு" என்றார். அண்ணன் அவர் காலில் விழப் போனார். அந்தம்மா, "மொதல்ல என் பூவக் குடு" என்றார். அன்றைக்குப் பதினோரு குழாயும் மஞ்சள்.

இனிமேல் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. முயற்சி செய்கிறேன்.

அவருடைய வீடு திருநகரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிரிஞ்சை வைத்திருந்தார். அதில் எண்ணெயை உறிஞ்சி, கோட்டைப் பார்த்து, ஒரு தோசைக்கு இத்தனை மில்லி என்று விட்டார்.

"எண்ணெய் வாசமே வரலையேன்டு பாக்குறீகளா தம்பி? இந்த வீட்டுல எண்ணெய் ஊசியிலதான் வரும். தீவாளிக்கு ஆளுக்கு ரெண்டு மில்லி நெய்யி கூட."

அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார். தோசை காய்ந்த வாழையிலை மாதிரி இருந்தது. கிளம்பும்போது மதினி கேட் வரைக்கும் வந்தார். அண்ணன் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி, எங்க மாமனாரு நெஞ்சு வலியில போகையில நாப்பத்திமூணு. இவுக அண்ணன் நாப்பத்திரெண்டு. வர்ற தையில இவுகளுக்கு நாப்பத்திமூணு. ஊரெல்லாம் ஊசி குத்துற மனுசன், தன் கையில ஒரு குத்து வாங்க மாட்டேங்குறாரு. எண்ணெயக் கொறச்சாப் போதும்ங்கிறாரு. நடுச்சாமத்துல முழிச்சு மூச்சு வருதான்டு பாக்குறேன் தம்பி. நீங்க சொன்னாக் கேப்பாக."

நாங்கள் தேடி அலைந்த குடும்பம் திருநகரிலேயே இருந்திருக்கிறது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. படிவத்தில் பதினாலாவது கேள்வி, 'ஐம்பது வயதுக்குள் மாரடைப்பால் இறந்தவர் வீட்டில் உண்டா?' அந்தக் கேள்விக்கு நான் வரும்போதெல்லாம் அண்ணன், "ஐஸு உருகுதான்டு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். நான்கு வருஷமாக, ஒவ்வொரு வீட்டிலும். நான் அதை ஐஸ் மேல் இருக்கிற அக்கறை என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டுவிட்டேன். பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்பா போனப்ப எனக்கு வெவரம் பத்தாது. அண்ணன் போனப்ப பக்கத்துலயே இருந்தேன் மாப்ள. கல்யாண வீட்டுப் பந்தி. பாயாசத்துக்குக் கைய நீட்டுனான். ஊத்துறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சுட்டான். வெளையாடுறான்டு நெனச்சேன்."

"அப்ப டெஸ்ட் எடுங்கண்ணே. சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட்டு" என்றேன்.

"அது என்னத்தச் சொல்லும்? எம்புட்டு இருக்குன்டு சொல்லும். ஏன் இருக்குன்டு சொல்லுமா? மைக்ரோ ஆராய்ச்சி முடியட்டும். எவன் சீட்டக் கிழிக்கிறான்டு தெரியட்டும். ஒரே அடியாப் பாத்துக்கிருவோம்."

"அது முடிய எத்தன வருசமாகும்ணே?"

"தெரியல." பிறகு குரல் இறங்கியது. "டெஸ்ட் எடுக்காதவரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. எடுத்துட்டா, இருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அப்ப இங்க நடுவுல நின்டு சீட்டக் கிழிக்கிறது யாருண்ணே?" என்று கேட்டேன்.

மாட்டுத்தாவணி வரும்வரை அவர் பெட்டி மூடியை அழுத்திப் பிடித்தபடியே வந்தார். இரண்டு வேகத்தடைக்கு டிரைவரை அதட்டக்கூட இல்லை. இறங்கும்போது ஒன்று சொன்னார். "பேர வெளிய சொல்லக்கூடாது. விதி ஞாபகம் இருக்குல்ல? டாக்டரம்மாட்டயும்தான்."

ரத்தம் கொடுத்தவர்களுக்கான விதி அது. கொடுக்காதவர் அதைச் சொல்லி என் வாயைக் கட்டினார். நானும் கட்டுப்பட்டேன். இன்றைக்கு வரைக்கும் என்னை நானே மன்னிக்காத விஷயம் அது ஒன்று. மதினி போன் பண்ணினால் எடுக்கப் பயந்தேன். தை பிறந்தது, அண்ணனுக்கு நாற்பத்து மூன்றும் பிறந்தது. அவர் படியேறி வரும்போது எத்தனை படிக்கு ஒரு தடவை நிற்கிறார் என்று நான் எண்ண ஆரம்பித்தேன். மாசியில், பன்னிரண்டு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். கேட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்ததாகச் சொன்னார். அது ஒரு வருஷத்துக்கு முன் நடந்து முடிந்த கண் சிகிச்சை முகாம் நோட்டீஸ்.

அந்த மாசியிலேயே திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தோம். டாக்டரம்மாவும் ஜீப்பில் வந்திருந்தார். காலையிலேயே பதினெட்டுப் பேரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. அடுத்து வந்த குடும்பத்தில் மூத்தவர் போன வருஷம் உழவு ஓட்டும்போதே டிராக்டரில் சாய்ந்து இறந்துபோனவர். தம்பிக்கு நாற்பத்தொன்று. அவரும் டிராக்டர்தான் ஓட்டுகிறார். வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்து வரிசையில் நிற்க, அவர் மட்டும் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கொடுத்தால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் போய் அவருக்கும் பரோட்டாக் கடைக் கதையைச் சொன்னார். கல்லா, சீட்டு, நடுவில் நிற்கிறவன், எல்லாம். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்றீக. எங்க ஊருல ஆக்குனவன் மொதல்ல ஒரு வாய் தின்டு காட்டணும். அப்பறந்தான் பந்தி. ஒங்க ரத்தத்தக் குடுத்திருக்கீகளா?"

"அது வந்து... எங்க வேல எடுக்குறதுதான்."

"ஒங்க வீட்டுல யாராச்சும் இப்பிடிப் போயிருக்காகளா? போயிருந்தாத் தெரியும்ங்க, கையி நீட்ட எம்புட்டு நடுக்கமா இருக்கும்டு."

பதினாலாவது கேள்வி. என் கையில் பேனா. வரிசையில் அந்த வீட்டு ஆட்கள் பத்துப் பேர். அண்ணன் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். உருகுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எங்கப்பா" என்றார். "அப்பறம் எங்கண்ணன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நீங்க மொதல்ல குடுங்க" என்றார் டிராக்டர்காரர். சண்டை போடுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நீங்க குடுத்தா நானும் தாரேன்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினார். ஊசியைப் பிடித்தது டாக்டரம்மா. ஆனால் வேலை வாங்கியது அண்ணன். "ரொம்ப நேரம் கட்டி வைக்காதீங்க மேடம், ரத்தம் ஒடஞ்சிரும். பைய இழுங்க. குழாயக் குலுக்காதீங்க, தலகீழா மெதுவாத் திருப்புங்க." ஆராய்ச்சிக்கு ஒரு குழாய், சாதாரண கொலஸ்ட்ராலுக்கு ஒரு குழாய் என்று டாக்டரம்மா எடுத்தார். இரண்டாவது குழாயை அண்ணன் மறுக்கவில்லை.

நான் படிவத்தை எடுத்தேன். முதல் வரி, பெயர். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் கேட்டேன். சொன்னார். எழுதினேன். அடுத்து ஸ்டிக்கர். அன்றைக்குக் கொண்டுபோனது எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் பெயருக்கு ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. கோப்பைப் புரட்டினேன். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று.

"வேற இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே."

முப்பத்து மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. "ஒட்டு தம்பி" என்றார். அதுவரைக்கும் என்னை மாப்ள என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

டிராக்டர்காரர் வந்து கையை நீட்டினார். அவருக்கு ரத்தம் எடுக்க அண்ணன் எழுந்தார், எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். வேர்வை நிற்கவில்லை. டாக்டரம்மா கொண்டு வந்திருந்த இ.சி.ஜி. எந்திரத்தை அவர் நெஞ்சில் மாட்டி, வெளியே வந்த தாளைப் பார்த்தார். ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லிவிட்டு ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார்.

ஜீப்பில் ஏற்றும்போது நான் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இது வேகமாப் போகும். குலுங்கும். நீ பெட்டியோட பஸ்ஸுல வா. நடு சீட்டு."

"அண்ணே, இப்பப் போயி..."

"நடு சீட்டு" என்றார்.

நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டே படிக்க வேண்டாம் என்பதற்காக, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கவலைப்படுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு இருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு படுக்கையில் இருந்தவரைத் திட்டித் தீர்த்தார். "மைக்ரோ ஆர்.என்.ஏ. எதை எப்படிப் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு மருந்து வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாதுங்க. உங்க கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை நம்ம ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே இருக்கு. நீங்க தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வர்றீங்க." அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கலரு என்ன?"

மஞ்சள். நல்ல மஞ்சள்.

இப்போது அவருக்கு நாற்பத்தைந்து. மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவரே ரத்தம் எடுத்தார். ஒருவருக்கு இருந்தது, மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த முகாமில் ரத்தம் கொடுத்த டிராக்டர்காரரும் மாத்திரையில் இருக்கிறார், உழவு ஓட்டுகிறார். மதினி சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டார். அண்ணனின் உண்மைப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ரத்தம் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது. விதி.

நான் சொல்ல வந்தது அந்த பஸ்ஸைப் பற்றித்தான்.

திருமங்கலத்தில் ஏறினேன். நடு சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, நீ அங்கிட்டு உக்காரு" என்று என் வாய் சொல்லியது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஜீப் எங்கே போயிருக்கும், போய்ச் சேர்ந்திருக்குமா, எதுவும் தெரியாது. போன் வரவில்லை. வந்தாலும் எடுத்திருப்பேனா என்று தெரியாது. கையை விட்டால்தானே எடுக்க முடியும். முதல் வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு நாளாக மூன்று சீட் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் எல்லாம் மனப்பாடம் என்று.

"டிரைவரண்ணே, பைய. பைய போங்கண்ணே" என்று கத்தினேன். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். எங்களைத் தினமும் பார்க்கிறவர்தான். பெட்டியைப் பார்த்தார், பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு எத்தன பேரு உசுரு தம்பி பெட்டிக்குள்ள?"

அன்றைக்கு எடுத்தது மொத்தம் பத்தொன்பது பேர். அவ்வளவு பேர் இருந்தும் எனக்கு ஒருவர்தான் ஞாபகம் வந்தார்.

"எங்க அண்ணன் இருக்காருங்க" என்றேன். "கொஞ்சம் பைய போகச் சொல்லுங்க."